மோட்டார் ஓடுது, தண்ணி வரலை

ஏங்கண்ணு, நேத்து ரவைக்கு நீ போன்ல சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் புடிக்கலை. உன்ற அமுச்சி வாயுப் புடிப்புன்னு நெனைச்சு ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தா. இது வாயு இல்ல புள்ள, பேரனுக்குக் காலேஜ்ல புதுசா ஒரு பாடம் குடுத்திருக்காங்கன்னேன். "வாத்தியாருக்குப் பாடம் குடுக்காம பருத்திக்கொட்டையா குடுப்பாங்க"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டா.

அவளுக்கென்ன, பாடம் பேரு தெரியாது. கிரிட்டிக்கல் திங்கிங், பிராப்ளம் சால்விங். பசங்க வேலைக்குப் போறதுக்குள்ள அவங்களுக்கு யோசிக்கக் கத்துக் குடுத்தறோணுமாம், அதுவும் ஒரே செமஸ்டர்ல. எனக்குத் தெரிஞ்சு 'கிரிட்டிக்கல்'ங்கறது ஐசியூ வாசல்ல டாக்டர் வந்து சொல்ற வார்த்தை. அதைக் கேட்டதும் ஒரம்பரைக்கெல்லாம் போன் போட ஆரம்பிப்போம். காலேஜ்ல யோசனை அந்த நெலமைக்கா போயிருச்சுன்னு கேட்டேன். நீ சிரிக்கவே இல்ல. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், கேசு கஷ்டந்தான்.

நான் எட்டாவதோட நின்னவன். இருந்தாலும் யோசனை சொல்றவன்கிட்ட ஊர்ல எவன் சர்ட்டிபிகேட் கேக்கறான்? வேப்பமரத்துத் திண்ணையில உக்காந்து பிரதமருக்கே தெனம் நாலு யோசனை சொல்றவன் நான். உனக்கு ஒண்ணு சொல்றதுல கொறைஞ்சு போயிர மாட்டேன்.

மொதல்ல ஏசி ஹால் புடி. மைக் செட்டு 'ஹலோ ஹலோ'ன்னு நாலு தடவை கீச்சுனாத்தான் நிகழ்ச்சிக்குக் களை. மொத சிலைடுல உலகப் பொருளாதார மன்றத்தோட 2025 அறிக்கையைப் போடு. பத்து கம்பெனியில ஏழு, பகுத்து யோசிக்கிற ஆளுதான் முக்கியத் தேவைன்னு சொல்லியிருக்குதாமே. அதைப் பார்த்ததும் பசங்க எல்லாம் போன்ல போட்டோ புடிப்பாங்க. யோசிக்கோணும்ங்கிறதைப் போட்டோ புடிச்சு வெச்சுக்கிட்டா, அப்பறம் யோசிக்க வேண்டியதில்ல பாரு.

அடுத்தது வரையறை. 'கிரிட்டிக்கல் திங்கிங் என்றால் என்ன?' பார்ட் ஏ, 2 மார்க். 'பிரச்சனை தீர்க்கும் படிநிலைகளை விளக்குக' பார்ட் பி, 13 மார்க். பார்ட் சி ஒரே கேள்வி, 15 மார்க், அதுக்கும் நோட்ஸ் குடுத்துரு. மூணையும் நெட்டுருப் போட்டு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கற பையன் ஒருத்தன் வருவான். அவனை மேடையேத்திச் சால்வை போத்து. சுயமா யோசிக்கிறதுல காலேஜ்லயே மொதலாவது, பேப்பர்ல ஒரு வரிகூடச் சுயமா எழுதாம.

கேள்வித்தாள் ஓரத்துல கே1, கே2ன்னு போடுவீங்களே, அதை மறந்துராதே. 1956ல புளூம்னு ஒரு அமெரிக்கர் அறிவைப் படிப்படியா அடுக்கி வெச்சாருன்னும், அதுதான் இப்ப கே1ல இருந்து கே6 வரைக்கும் வந்து நிக்குதுன்னும் நீதான் சொன்னே. ஞாபகத்துல இருந்து எழுதறது அடிப்படி, மதிப்பிடறதும் புதுசா உருவாக்கறதும் மேல்படி. அந்த மனுசன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாரு. இங்க என்ன ஆச்சு? 'விளக்குக'ன்னு இருந்ததை அடிச்சு 'மதிப்பிடுக'ன்னு மாத்திப் பக்கத்துல கே5 போட்டாச்சு. பதில் அதே நோட்ஸ்ல அதே பக்கத்துலதான் இருக்குது. எருமைக்குக் காதுல மஞ்ச வில்லை மாட்டிட்டா, அது சிந்து மாடாயிருமா கண்ணு?

கடைசியா அந்த அட்டவணை. கோர்ஸ் அவுட்கம்ங்கற சி.ஓ. ஒரு பக்கம், புரோகிராம் அவுட்கம்ங்கற பி.ஓ. ஒரு பக்கம், கட்டத்துக்குக் கட்டம் 3, 2, 1. போன தீவாளிக்கு வந்தப்ப ரவை பன்னண்டு மணி வரைக்கும் அதை ரொப்பிட்டிருந்தியே. இதுக்கு ஏன் 3, அதுக்கு ஏன் 2ன்னு கேட்டேன். "போன வருசம் அப்படித்தான் போட்டிருந்துச்சு அப்புச்சி"ன்னே. கிரிட்டிக்கல் திங்கிங் பாடத்துக்கு வாத்தியார் நீதான்னு காலேஜ் முடிவு பண்ணினது அன்னிக்குத்தான் இருக்கும்.

இப்படியே நடத்துனா உனக்கு ஒரு தொந்தரவும் கெடையாது. மேல இருக்கறவங்க மெச்சுவாங்க. பசங்களும் பாஸாயிருவாங்க. என்ற மக வயித்துப் பேரனாச்சேன்னுதான் இதுக்கு மேலயும் பேசறேன். இல்லைன்னா இங்கயே நிறுத்தியிருப்பேன்.

நீ சொன்ன அந்த வெள்ளைக்கார விஞ்ஞானி கதை ஞாபகம் இருக்குதா? பெயின்மன். 1950கள் ஆரம்பத்துல பிரேசில்ல போய்ப் பாடம் நடத்துனாரு. பசங்க எந்த வரையறையைக் கேட்டாலும் ஒப்பிச்சாங்க, ஆனா ஒண்ணுமே வெளங்கியிருக்கலைன்னு கண்டுபிடிச்சாரு. அங்கிருந்த பாடப் புஸ்தகத்தைத் தொறந்தா, படிகத்தை நெரிக்கும்போது வர்ற வெளிச்சத்துக்கு ஒரு நீளமான பேரு மட்டும் போட்டிருந்துச்சாம். இருட்டுல சர்க்கரைக் கட்டியைக் குறடால நெரிச்சா நீலமா மின்னும்னு ஒரு வரி எழுதியிருந்தா, எவனாவது ஒருத்தன் ஊட்டுக்குப் போய்ச் செஞ்சு பாத்திருப்பானேன்னு வருத்தப்பட்டாராம்.

நீ அதைச் சொல்லிட்டுத் தூங்கிட்டே. நான் தூங்கலை. உள்ரூம்ல கதவைச் சாத்திட்டு, கல்கண்டு டப்பாவும் பாக்குவெட்டியுமா உக்காந்தேன். கண்ணு இருட்டுக்குப் பழகவே கால் மணி நேரம் ஆச்சு. மொதக் கட்டி நொறுங்குச்சு, ஒண்ணும் தெரியலை. ரெண்டாவது எகிறிக் கட்டலுக்கடியில போயிருச்சு. மூணாவதுல, பாக்குவெட்டி வாய்க்குள்ள மினுக்குனு ஒரு நீலம். மின்னாம்பூச்சி ஒரு தடவை கண்ணடிச்சாப்பல. உன்ற அமுச்சி லைட்டைப் போட்டுட்டு, சக்கரை வியாதிக்காரன் நடுச்சாமத்துல கல்கண்டு திருடித் தின்னறான்னு ஊரைக் கூட்டிட்டா. ஆராய்ச்சின்னு சொன்னேன், நம்பலை. உன்ற காலேஜ்ல இந்த வெளிச்சத்தோட பேரு தெரிஞ்ச பசங்க எத்தனை பேரு, கல்கண்டை நெரிச்சுப் பாத்தவங்க எத்தனை பேருன்னு ஒரு நாள் எண்ணிப் பாரு.

இப்ப மோட்டார் கதைக்கு வாரேன். போன மாரியம்மன் நோம்பிக்கு உன்ற பசங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்தியே, நீ பாட்டுக்குப் பூவோடு எடுக்கறதைப் பாக்கக் கோயிலுக்குப் போயிட்டே. இங்க நடந்தது உனக்கு முழுசாத் தெரியாது.

போர்ல மோட்டார் ஓடுது, சத்தம் நல்லா வருது, குழாய்ல பாத்தா கொழந்தை ஒண்ணுக்குப் போற மாதிரி தண்ணி. தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய்ல அழுத்தமே இல்ல. நாலு பேரும் இன்ஜினீயரிங் மூணாவது வருசம். என்ன கோளாறுன்னு சொல்லுங்க சாமிகளான்னு திண்ணையில உக்காந்துட்டேன்.

கண்ணாடி போட்ட தம்பி, நிலத்தடி நீர் கீழ போயிருச்சுன்னான். புள்ளிவிவரமெல்லாம் சொன்னான், கேக்க நல்லா இருந்துச்சு. தாடித் தம்பி, இம்பெல்லர் தேஞ்சு போச்சு, மோட்டாரை மேல தூக்கோணும்னான். மூணாவது தம்பி பேசவே இல்ல. போன்ல இருக்கற செயற்கை அறிவுகிட்டக் கேட்டான். அது ஒரு மூச்சுல பன்னண்டு காரணம் சொல்லுச்சு. நெசமாச் சொல்றேன் கண்ணு, அதுல ஒண்ணுகூடத் தப்பில்ல. ஏழாவதாச் சொன்னதுதான் சரியான பதிலே. ஆனா பன்னண்டுல எதுன்னு அதுக்குத் தெரியாது, அது நம்ம தோட்டத்துக்கு வந்ததில்லையே. அந்தத் தம்பி பன்னண்டையும் பயபக்தியா வாசிச்சுட்டு, "எல்லாத்தையும் செக் பண்ணோணும் தாத்தா"ன்னான். பன்னண்டையும் செக் பண்ணி முடிக்கறதுக்குள்ள தென்னை காஞ்சிரும், நானும் காஞ்சிருவேன்.

நாலாவதா வந்த ஒல்லிப் புள்ள மட்டும் மோட்டார் பக்கமே போகலை. நேரா அடுப்படிக்குப் போச்சு. சரி, பசி போலன்னு நெனைச்சேன். உன்ற அமுச்சிகிட்ட, "எப்ப இருந்துங்க பாட்டி தண்ணி கொறைஞ்சுது?"ன்னு கேட்டுது.

"முந்தாநேத்துப் பொழுதோட நல்லாத்தான் வந்துச்சு. நேத்து வெடியால இருந்துதான் இப்படி."

"நடுவுல ஏதாச்சும் நடந்துச்சுங்களா?"

"நடுவுல என்ன, ராவெல்லாம் கரண்டு இல்ல. டிரான்ஸ்பார்மர்ல ஏதோ வேலை பாத்தாங்க."

புள்ள அதோட நிக்கலை. வாய்க்கால் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், உங்களுக்கும் இப்படியாங்கன்னு கேட்டுட்டு வந்துச்சு. அங்கயும் அதே கதை. நம்ம போர் வத்தியிருந்தா அவன் போரும் அதே ராத்திரியிலயா வத்தும்? நம்ம இம்பெல்லர் தேஞ்சா அவன் இம்பெல்லருக்கு ஏன் நோகுது? ரெண்டே கேள்வியில கண்ணாடித் தம்பி, தாடித் தம்பி ரெண்டு பேரோட பதிலும் அடிபட்டுப் போச்சு, ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாம. டிரான்ஸ்பார்மர்ல ஜம்பர் மாத்திக் கட்டினதுல பேஸ் வரிசை மாறிப்போய் மோட்டார் தலைகீழாச் சுத்திட்டு இருந்துச்சு. நம்முது பழைய ஸ்டார்ட்டர், அதையெல்லாம் கண்டுபிடிக்கற கருவி கெடையாது. ஒயர்மேனைக் கூப்பிட்டோம். அவன் பியூஸ் கட்டையைப் புடுங்கி வெச்சுட்டு, மூணு ஒயர்ல ரெண்டை இடம் மாத்திப் போட்டான். சுவிட்சைப் போட்டதும் தண்ணி குழாயை ஒதைச்சுட்டு வந்து தாடித் தம்பி சட்டையை நனைச்சுது.

உனக்கு எப்படிம்மா தோணுச்சுன்னு கேட்டேன். அவங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்காங்களாம். துணியில கோடு விழுந்தா அங்க மொதக் கேள்வி 'எந்த ரோல், எந்த மெஷின், எந்த ஷிப்ட்'தானாம். நெட்டுவாக்குல கோடுன்னா ஊசியைப் பாப்பாங்க, குறுக்குவாக்குல பட்டைன்னா நூலைப் பாப்பாங்க. இந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டே சோறு தின்னு வளர்ந்த புள்ள அது. 2 மார்க் கேள்வியில இருந்து வரலை அந்த யோசனை.

இன்னொண்ணும் ஒத்துக்கறேன், நீ காலேஜ்ல சொல்லிராதே. அன்னிக்கு எனக்குப் பதில் முன்னாடியே தெரியும். பத்து வருசம் முன்னால இதே கூத்து நடந்து, அவசரப்பட்டு வண்டி வரவழைச்சு மோட்டாரைத் தூக்கி 7,500 ரூபாய் தண்டம் அழுதவன் நான். தூக்கின ஆளு மோட்டாரைத் தடவிப் பாத்துட்டு, "இதுக்கென்னங்க, மாப்பிள்ளையாட்டம் இருக்குது"ன்னு பல்லைக் காட்டினான். அதனால பசங்க பேசறப்போ எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. தாடித் தம்பி மோட்டாரைப் பாக்கறதை உட்டுட்டு என்ற மூஞ்சியைப் பாக்க ஆரம்பிச்சுட்டான். "தாத்தா சிரிக்கறார்டா, அப்ப இம்பெல்லர் இல்ல." பதினாறு வருசமா நாம கத்துக் குடுத்த படிப்பு இதுதான் கண்ணு. பிரச்சனையைப் பாக்காதே, வாத்தியார் மூஞ்சியைப் பாரு. ஆபீஸ் போனா மேனேஜர் மூஞ்சி. பதிலைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு நீ கேள்வி கேக்கறவரைக்கும், உன்ற பையைத் துழாவறதுதான் அவனுக்குத் தெரிஞ்ச யோசனை.

அதனால உனக்கும் பதில் தெரியாத ஒண்ணைக் கொண்டாந்து வை. 'தெரியல'ன்னு சொல்லக் கண்ணாடி முன்னால நின்னு பழகு. மொத நாலு தடவை தொண்டையில மாட்டும், அப்பறம் சரளமா வரும். எனக்கு அது அறுவது வயசுலதான் வந்துச்சு. உன்ற அமுச்சிகிட்ட இன்னும் வரலை.

பொதுவா யோசிக்கக் கத்துக் குடுக்கற வேலையும் ஆகாதுப்பா. வில்லிங்ஹாம்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ வாத்தியார் 2007லயே எழுதினாருன்னு ஒரு கட்டுரையைப் படிச்சுக் காட்டினியே: எதைப் பத்தி யோசிக்கிறமோ அதைப் பத்தி விஷயம் தெரியாம, வெறும் யோசனைத் திறமைன்னு தனியா ஒண்ணைப் பழக்க முடியாதுன்னு. மாடே இல்லாதவனுக்குப் பால் கறக்கப் பயிற்சி எப்படிக் குடுப்பே? அந்தப் புள்ள பேஸ் வரிசை, மூணு பேஸ் மோட்டார் எல்லாம் படிச்சிருந்ததாலதான் டிரான்ஸ்பார்மர்னு காதுல விழுந்ததும் புடிச்சுது. பாடத்தைக் கொறை சொல்ல மாட்டேன். பாடத்தைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வராததைத்தான் சொல்றேன்.

உன்ற மாமன் மவன் கார் பாகம் வார்க்கற பவுண்டரியில குவாலிட்டியில இருக்கானே, அவன் ஒரு ஜப்பான் கதை சொன்னான். டொயோட்டாவுல தாயிச்சி ஓனோன்னு ஒருத்தர். மெஷின் நின்னா அஞ்சு தடவை ஏன்னு கேக்கச் சொன்னாராம். ஏன் நின்னுது? சுமை தாங்காம பியூஸ் போச்சு. ஏன் தாங்கலை? பேரிங்ல எண்ணெய் பத்தலை. ஏன் பத்தலை? எண்ணெய் பம்ப் சரியா இழுக்கலை. ஏன்? அதோட தண்டு தேஞ்சிருச்சு. ஏன் தேஞ்சுது? வடிகட்டி இல்ல, இரும்புத்தூள் உள்ள போயிருச்சு. பியூஸை மட்டும் மாத்தியிருந்தா மறுக்கா நின்னிருக்கும். வடிகட்டி போட்டாத்தான் தீரும். நோய்க்கு மருந்து குடுக்கறதுக்கு முன்னால அது வந்த காரணத்தைப் பாருன்னு வள்ளுவர் மருந்து அதிகாரத்துல சொன்னதை, அந்தாளு கிரீஸ் கையோட செஞ்சிருக்காரு.

நம்மூர்ப் பவுண்டரிக்கு வந்ததும் அது ஒரு பாரமாயிருச்சு. அஞ்சு ஏன்னுக்கு அஞ்சு கட்டம். பொழுதோட கஸ்டமருக்கு அனுப்போணும். மொதக் கட்டத்துலயே 'ஆபரேட்டர் கவனக்குறைவு'ன்னு எழுதி, பாக்கி நாலு கட்டத்துல அதையே வேற வேற இங்கிலீசுல எழுதறதாம். தீர்வு: ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. அடுத்த மாசம் அதே ஓட்டை, அதே பாரம், புது ஆபரேட்டர்.

அவன் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. நம்ம ஊருல 'ஏன்'ங்கறது கேள்வி இல்ல கண்ணு, குத்தம் சாட்டறது. 'ஏன்டா லேட்டு?', 'ஏன் உப்புக் கம்மி?' கேட்டதும் எதுத்தாப்பல இருக்கறவன் யாரைக் கைகாட்டலாம்னுதான் பாப்பான். 'எப்ப இருந்துங்க?'ன்னு கேட்டுப் பாரு, உக்காந்து கதை சொல்லுவான். அந்தப் புள்ள, "ஏன் தண்ணி வரலை"ன்னு கேட்டிருந்தா உன்ற அமுச்சி, "உங்க தாத்தனைக் கேளு, மோட்டாரைக் கண்டுக்கறதே இல்ல"ன்னு ஆரம்பிச்சிருப்பா. நான் பத்து வருசத்துக் கணக்கைத் தொறந்திருப்பேன். 'எப்ப இருந்துங்க'ன்னதும் டிரான்ஸ்பார்மர் வெளிய வந்துருச்சு. வேலைக்குப் போற பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடு. மேனேஜர்கிட்டப் போய் நெஞ்சை நிமுத்தி 'ஏன் சார்'னா, அடுத்த இன்கிரிமென்ட் அப்போ அவர் திருப்பிக் கேப்பாரு. 'எப்ப இருந்து சார் இப்படி, வேற எங்கயாச்சும் இப்படி ஆகுதுங்களா'ன்னு கேட்டா, பய பொறுப்பானவன்னு நெனைப்பாரு. கேக்கறது அதே எழவுதான்.

கழட்டிப் பாத்தே கத்துக்கிட்ட ஆளுன்னா, நம்ம ஜி.டி. நாயுடுவை (1893–1974) எடுத்துக்கோ. வெள்ளைக்கார அதிகாரி ஓட்டின மோட்டார் சைக்கிளைப் பாத்துட்டு, ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து அதை வாங்கினாரு. வாங்கி ஊர்வலம் போகலை, திருகு திருகாக் கழட்டிப் போட்டு மறுக்கா மாட்டினாரு. அப்படிப் பழகின கை, 1937ல பாலசுந்தரம் நாயுடுவோட சேந்து இந்தியாவோட மொத எலக்ட்ரிக் மோட்டாரைக் கோயமுத்தூர்ல செஞ்சுது. 1945ல இங்க இன்ஜினீயரிங் காலேஜ் வரக் காரணமா இருந்துட்டு, இதுக்கு எதுக்கு இத்தனை வருசம், சுருக்குங்கன்னு சண்டை புடிச்சாரு. அரசாங்கம் கேக்கலை, ஒதுங்கிட்டாரு. இன்னிக்கு அவர் வந்தா உன்ற சி.ஓ. அட்டவணையைக்கூடக் கழட்டிப் போட்டிருப்பாரு. மறுக்கா மாட்டியிருப்பாரான்னுதான் தெரியலை.

சரி, ஓமத்தண்ணி ஆறிப்போச்சு. உனக்கு அடுத்த வாரம் மொத வகுப்புன்னே. ஏசி ஹாலை இன்னும் புக் பண்ணலைன்னா பண்ணாதே. சனிக்கிழமையில இருந்து நம்ம மோட்டார் சரியா இருபது நிமிசம் ஓடுது, ட்ரிப் ஆயிருது. அரை மணி உட்டுப் போட்டா மறுக்கா இருபது நிமிசம். எப்ப இருந்துன்னு அமுச்சிகிட்டக் கேட்டாச்சு, சனிக்கிழமைக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அவளுக்கும் ஞாபகம் இல்ல. பக்கத்துத் தோட்டத்துல நல்லா ஓடுது, அதனால இந்தத் தடவை ஈபியைத் திட்ட வழியில்ல. ஒயர்மேன் ரெண்டு தடவை வந்து தலையைச் சொறிஞ்சுட்டுப் போனான். சத்தியமாச் சொல்றேன், எனக்கும் தெரியல. என்ற மூஞ்சியைப் பாத்தாலும் அதுல ஒண்ணும் எழுதியிருக்காது.

பத்துப் பேரைக் கூட்டிட்டு வா. அந்த ஒல்லிப் புள்ளையைக் கட்டாயம் கூப்புடு, ஆனா மொத ஒரு மணி நேரம் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிரு. பச்சப்பயிறு கடைஞ்சு, கத்திரிக்காய் போட்டுக் கொழம்பு வெக்கறேன்னு அமுச்சி சொல்லியிருக்கா. வர்றப்போ டெஸ்ட்டர் ஒண்ணு கொண்டா, நம்முது போன நோம்பியில தாடித் தம்பியோட போயிருச்சுன்னு நெனைக்கறேன்.